அரசு சம்பளமா, தனியார் சம்பளமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஜூலையில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்பு போதும் என்ற தேர்வுக்கு பி.இ., எம்.பி.ஏ. முடித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். "அரசு வேலைக்கு இவ்வளவு ஆசையா?" என்று அப்போது பலர் கேட்டார்கள். வெளியே அவர்களுக்கு என்ன சம்பளம் கிடைக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. இந்தப் பக்கத்தில் இரண்டு பக்கக் கணக்கையும் பார்ப்போம். பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலவரம், தேவைப்படும் இடத்தில் மத்திய அரசு நிலவரம்.

ஒரே வரியில் சொல்லுங்கள், யாருக்குச் சம்பளம் அதிகம்?

கீழ்ப்படியில் அரசு ஊழியருக்கு, மேல்படியில் தனியார் ஊழியருக்கு. நடுவில் இருப்பவர்களுக்கு வேலையைப் பொறுத்து மாறும்.

மத்திய அரசு ஊழியர் சம்பளத்தைப் பரிந்துரைக்கும் ஏழாவது மத்திய சம்பள கமிஷன், நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையில், இந்த ஒப்பீட்டைச் செய்து தரும்படி அகமதாபாத்தில் உள்ள மேலாண்மைக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எம்.மைக் கேட்டது. அரசின் கடைசி நிலையில் இருக்கும் உதவியாளருக்கு அகவிலைப்படி போன்ற எல்லாப் படிகளும் சேர்த்து அப்போது மாதம் 22,579 ரூபாய் கிடைத்தது. ஆய்வு செய்த தனியார் நிறுவனங்களில் அதே வேலைக்குக் கிடைத்தது 8,000 முதல் 9,500 ரூபாய். இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசம். இது ஆய்வுக்கு எடுக்கப்பட்ட, ஓரளவு ஒழுங்கான நிறுவனங்களின் நிலவரம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தெருமுனை மளிகைக் கடையும் கல்யாண மண்டபமும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மேலே போகப் போக என்ன ஆகிறது?

தலைகீழாகிறது. மத்திய அரசில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், உச்சத்தில் இருக்கும் அமைச்சரவைச் செயலாளருக்கு 2,50,000. இடைவெளி 14 மடங்கு கூட இல்லை. தமிழ்நாடு அரசில் 15,700 முதல் 2,25,000 வரை.

தனியாரில் அந்த இடைவெளிக்கு வரம்பே கிடையாது. வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23 நிதியாண்டில் பாரத ஸ்டேட் வங்கியின் தலைவருக்குக் கிடைத்தது சுமார் 37 லட்சம் ரூபாய். அதே ஆண்டில் எச்.டி.எஃப்.சி. வங்கியின் நிர்வாக இயக்குநருக்குக் கிடைத்தது 10 கோடிக்கும் மேல். இருவரில் பெரிய வங்கியை நடத்தியவர் முதலாமவர். ஆனால் அதே ஸ்டேட் வங்கியின் கிளார்க்கையும், தனியார் வங்கியில் வெயிலில் வீடு வீடாகப் போய்க் கடன் அட்டை விற்கும் பையனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 மார்ச்சில் கையெழுத்தான 12ஆவது இருதரப்பு ஒப்பந்தப்படி பொதுத்துறை வங்கி கிளார்க்கின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 24,050 ரூபாய். பஞ்சப்படி (விலைவாசியோடு ஏறும் அகவிலைப்படி) தனி.

மருத்துவர்களிடமும் இதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அரசு உதவி மருத்துவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்து மாவட்டத் தலைநகர் தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருப்பவருக்கு இது நல்ல சம்பளம். இதய அறுவை சிகிச்சை நிபுணருக்கு அப்படியில்லை.

சராசரியை எடுத்து ஒப்பிட்டால் போதாதா?

போதாது. அரசு ஊழியரில் பெரும்பகுதி ஆசிரியர், செவிலியர், காவலர், அலுவலக எழுத்தர். படித்தவர்கள் அதிகம், பலர் இருபது வருட சர்வீஸ் கண்டவர்கள். தனியார் என்ற ஒரே சொல்லுக்குள் பன்னாட்டு நிறுவனத்தின் துணைத் தலைவரும் இருக்கிறார், ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரிக்கும் பெண்ணும் இருக்கிறார். இந்த இரண்டு சராசரிகளைப் பக்கத்தில் வைத்து "அரசு ஊழியர் இத்தனை மடங்கு வாங்குகிறார்" என்று தலைப்புப் போடுவது எளிது. ஒரே படிப்பு, ஒரே வயது, ஒரே வேலை, ஒரே ஊர் என்று எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கும். ஆனால் கீழ்ப்படியில் அப்போதும் மறையாது.

அரசு அந்த 18,000 ரூபாயை எப்படி முடிவு செய்தது? மனம்போன எண்ணா?

இல்லை. இதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரத்தை ஏற்றது. ஊட்டச்சத்து அறிஞர் வாலஸ் அய்க்ராய்டின் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. தொழிலாளி ஒருவர், மனைவி, இரண்டு குழந்தைகள். தொழிலாளிக்கு ஒரு பங்கு, மனைவிக்கு 0.8, குழந்தைகளுக்குத் தலா 0.6, ஆக மூன்று பங்கு. பங்குக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. பிறகு வீடு, எரிபொருள், விளக்கு. குழந்தைகளின் படிப்பு, வைத்தியம், விசேஷங்கள் ஆகியவற்றுக்காக 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று பின்னாளில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஏழாவது கமிஷன் இதை அப்படியே எடுத்து, மாதம் 42.75 கிலோ அரிசி-கோதுமை, 7.2 கிலோ பருப்பு, 18 லிட்டர் பால் என்று விலைபோட்டுக் கூட்டித்தான் 18,000க்கு வந்தது. (மனைவிக்கு ஏன் 0.8 என்று கேட்காதீர்கள். வீட்டு வேலைக்குக் கலோரி தேவையில்லை என்று 1957இல் யாரோ நினைத்திருக்கிறார்கள்.)

அதாவது அரசின் கடைசிப் படிச் சம்பளம், ஒரு குடும்பம் நாலு பேர் எதிரில் மானமாக வாழ என்ன வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. தனியாரில் கேள்வியே வேறு: இந்த வேலைக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஆள் வருவார்? இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வராது. அரசு அள்ளிக் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, கீழ்மட்டத்தில் வித்தியாசத்துக்குக் காரணம் வெளியே கொடுப்பது குறைவு என்பதுதான்.

தனியாருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறதே?

1948 முதலே இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில்வாரியாக அடிப்படைக் கூலி, அதற்குமேல் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் பஞ்சப்படி. இப்போது அந்தச் சட்டம் ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன.

எழுத்தில் இருப்பது அது. நடைமுறையில், செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவரிடம் ஒரு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைச் சொல்வார்கள், ஷிப்ட் 12 மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேல் இரட்டிப்புக் கூலி என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. நாட்டில் விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளம் வாங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுத்தில் ஒரு வேலை ஒப்பந்தமே இல்லை என்று மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தமே இல்லாதவர் எந்தச் சம்பளச் சீட்டைக் காட்டி வழக்குப் போடுவார்?

ஐ.டி. கம்பெனியில் ஆண்டுக்கு 3.6 லட்சம் என்கிறார்கள். குரூப் 4 இளநிலை உதவியாளரைவிட அதிகம்தானே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3.6 லட்சம் என்பது சி.டி.சி., அதாவது உங்களை வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. மாதம் 30,000. அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால், கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800 அதற்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்காக 4.81 விழுக்காடு, அதாவது 721 ரூபாயும் அதற்குள்ளேயே. உங்கள் பங்கு பி.எஃப். 1,800 தனியாகப் பிடிப்பார்கள். கைக்கு வருவது 25,700க்குச் சற்றுக் குறைவு. "வேரியபிள் பே" என்று ஒரு பகுதி இருந்தால், அது வரும்போதுதான் வந்ததாக அர்த்தம். குழுக் காப்பீட்டு பிரீமியத்தையும் சில கம்பெனிகள் இதற்குள் அடைத்துவிடுவார்கள்.

இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. 2025 ஜனவரியில் இருந்த 55 விழுக்காடு அகவிலைப்படியைப் போட்டால் 10,725. கூட்டினால் 30,225. வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி இதற்குமேல். ஓய்வூதியப் பங்களிப்பாக 10 விழுக்காடு, சுமார் 3,020 ரூபாய் பிடித்தம். எப்படிப் பார்த்தாலும் 27,000க்குக் கீழே இறங்காது.

ஆக, தொடக்கத்தில் பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அரசு வேலை, பொறியியல் பட்டத்துக்கான தனியார் வேலையைத் தாண்டி நிற்கிறது. ஐ.டி. புதுமுகங்களின் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக இந்த மூன்று, நான்கு லட்சத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. விலைவாசி உட்காரவில்லை. ஆனால் ஐந்தாவது வருடக் கதை வேறு. வேலையில் கெட்டிக்காரர் இரண்டு முறை கம்பெனி மாறினால் சம்பளம் இரட்டிப்பாகும். இளநிலை உதவியாளருக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு இன்கிரிமென்ட், 19,500 அடுத்த வருடம் 20,100. கூடவே அகவிலைப்படி உயர்வு. கெட்டிக்காரருக்கும் அதே, மேசையில் தூங்குபவருக்கும் அதே.

ஓய்வூதியத்தைச் சேர்த்தால்?

இங்கேதான் தராசு அடியோடு சாய்கிறது, சேர்ந்த வருடத்தைப் பொறுத்து.

2003 ஏப்ரல் 1க்கு முன் தமிழ்நாடு அரசில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 என்றால் ஓய்வூதியம் 30,000. அதன்மேல் 2025 ஜனவரியின் அதே 55 விழுக்காடு அகவிலைப்படியைப் போட்டால் 16,500. மாதம் 46,500, அகவிலைப்படி ஏற ஏற ஏறும். அவருக்குப் பிறகு துணைவருக்குக் குடும்ப ஓய்வூதியம்.

தனியாரில் பி.எஃப். சந்தாதாரருக்கான ஓய்வூதியத்துக்கு 2014 செப்டம்பர் முதல் சம்பள உச்சவரம்பு 15,000. சூத்திரம்: சம்பளம் பெருக்கல் சர்வீஸ் வகுத்தல் 70. முப்பத்தைந்து வருடம் உழைத்தாலும் 15,000 × 35 ÷ 70 = 7,500 ரூபாய். விலைவாசியோடு ஏறாது, சாகும்வரை அதே தொகை. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கே பற்றாது. பி.எஃப். மொத்தத் தொகை தனியாகக் கைக்கு வரும் என்பது உண்மை. அதைப் பெண் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் கொடுக்காமல் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

2003க்குப் பிறகு அரசில் சேர்ந்தவர்களுக்கு வந்தது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். ஊழியர் 10 விழுக்காடு, அரசு 10 விழுக்காடு. மாதாமாதம் இவ்வளவு என்ற உத்தரவாதம் அதில் இருக்கவில்லை. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் நடத்திய வேலைநிறுத்தம் உட்படப் பல போராட்டங்களின் முதல் கோரிக்கை, பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடுங்கள் என்பதாகத்தான் இருந்தது. மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 25 வருட சர்வீஸ் இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியை உறுதி செய்கிறது.

லீவு, பிரசவ விடுப்பு?

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பிரசவ விடுப்பு 12 மாதம். தனியாரில் சட்டப்படி 26 வாரம், அதுவும் கொடுக்கும் இடத்தில். கர்ப்பம் என்று தெரிந்ததும் "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஓய்வு வயது அரசில் 60, தனியாரில் பெரும்பாலும் 58.

அப்படியென்றால் அரசில் வேலை செய்யும் எல்லோருக்கும் இந்தச் சம்பளமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சேர்த்தேன். இல்லை. அரசுக்குள்ளேயே ஒரு தனியார் துறை இருக்கிறது. அதன் பெயர் தொகுப்பூதியம் (படிகள் இல்லாமல் மாதம் ஒரே தொகை), ஒப்பந்தம், அவுட்சோர்சிங்.

அரசு கலைக் கல்லூரியில் ஒரே துறையில் இருவர் பாடம் நடத்துகிறார்கள். ஒருவர் உதவிப் பேராசிரியர், தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, படிகள் தனி. இன்னொருவர் கௌரவ விரிவுரையாளர். அவருக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்ன பிறகும், தமிழ்நாட்டில் 25,000தான் கொடுத்துவந்தார்கள். பெயரில் மட்டும் கௌரவம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள், அதுவும் போட்டித் தேர்வு எழுதி. 2003இல் அரசு மதுச் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தபோது டாஸ்மாக்கில் சேர்ந்தவர்களும் தொகுப்பூதியக்காரர்கள்தான். கஜானாவை நிரப்பும் கடைக்கு நிரந்தர ஊழியர் கிடையாது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தது நினைவிருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி தனியாரிடம் கொடுத்ததுதான் காரணம். மாநகராட்சியின் கீழ் சுமார் 23,000 வாங்கியவர்கள், ஒப்பந்ததாரரிடம் போனால் 17,000 அளவுக்கு இறங்கிவிடும் என்றார்கள். அதே தெரு, அதே துடைப்பம், அதே ஆள். அரசுச் சம்பளத்துக்கும் தனியார் சம்பளத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை இதைவிடச் சுத்தமாக எந்த ஐ.ஐ.எம். ஆய்வும் பிரித்துக் காட்ட முடியாது. படிப்பு, வயது, அனுபவம் எதுவும் மாறவில்லை, முதலாளி மட்டும்தான் மாறுகிறார்.

நிரந்தர ஊழியருக்குள்ளும் கோடு உண்டு. 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 என்று நிர்ணயித்தார்கள், அன்று முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய் பள்ளம். பிறகு சம்பள கமிஷன் கணக்கில் பழைய சம்பளத்தைப் பெருக்கிப் புதியதை நிர்ணயித்தபோது அந்தப் பள்ளமும் சேர்ந்து பெருகியது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் இருக்கிறதே?

அரசுக்குள் இருக்கிறது. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததால் தானாக யாருக்கும் சம்பளம் ஏறவில்லை. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வழக்காகப் போட்டுத்தான் வாங்குகிறார்கள்.

அரசுக்கும் தனியாருக்கும் இடையே அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் செவிலியர் விஷயத்தில் நெருங்கி வந்தார்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் மாநில அரசு செவிலியருக்கு இணையான சம்பளம், 100 படுக்கைக்கு மேல் என்றால் அதைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது, 50 படுக்கைக்கு மேல் என்றால் 25 விழுக்காடு, மிகச் சிறிய மருத்துவமனையிலும் 20,000க்குக் குறையக் கூடாது என்றது குழு. செவிலியர்களின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரலில் கேரளா 20,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக அறிவித்தது. நம் ஊர் தனியார் மருத்துவமனையில் ஊசி போடும் பெண்ணிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

அரசு ஊழியர்கள் வேலையே செய்வதில்லை. இவ்வளவு சம்பளம் எதற்கு?

வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். ஒரு சான்றிதழுக்கு நாலு நடை நடந்த எவரும் மறுக்க மாட்டார். ஆனால் அதற்குச் சம்பளத்தைக் குறைப்பது மருந்து என்றால், குறைந்த சம்பளம் கொடுக்கும் தனியார் பள்ளிகளில் எல்லாம் கல்வி கொடிகட்டிப் பறக்க வேண்டும். அங்கே ஆசிரியர்கள் அரைப் பரீட்சைக்குள் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள்.

கிம்பளம்?

கிம்பளம் வாங்குபவர் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதில்லை. அது வேறு கணக்கு, இந்தப் பக்கத்தில் சேராது.

அரசு வேலையில் சம்பளத்துக்கு ஆபத்தே இல்லையா?

அப்படியும் இல்லை. கொரோனா காலத்தில் 2020இல் அகவிலைப்படியை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்திய மாதங்களுக்கான நிலுவை வரவே இல்லை. ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணம் வாங்குவதும் அப்போது நின்றது, தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில்தான் திரும்பியது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியதும் இதே மாநிலத்தில்தான். பெரும்பாலோரைப் பிறகு திரும்ப எடுத்தார்கள். வேலைநிறுத்தம் செய்ய ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் கொரோனாவில் மாதக் கடைசியில் சம்பளம் வந்த வீடு எது, வராத வீடு எது என்று தெருவுக்கே தெரியும்.

எட்டாவது சம்பள கமிஷன் வந்தால் இடைவெளி கூடுமா?

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான கமிஷனுக்கு 2025 அக்டோபர் இறுதியில் வரையறைகள் முடிவாயின, அறிக்கைக்குக் காலம் 18 மாதம். அது மத்திய அரசு ஊழியருக்கு. மாநிலங்கள் பிறகு பின்தொடரும்; சென்ற முறை தமிழ்நாடு 2017 அக்டோபரில்தான் பணமாகக் கொடுத்தது. கீழ்ப்படியில் தனியார் கூலி அசையாமல் இருந்தால் இடைவெளி கூடும்தான்.

எனக்கு இரண்டு பக்கமும் வேலை கிடைத்திருக்கிறது. எப்படி ஒப்பிடுவது?

தனியார் ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் உள்ள பிரிவுப் பட்டியலைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கம்பெனி பங்கு பி.எஃப். உள்ளேயா வெளியேயா, வேரியபிள் பே போன வருடம் எத்தனை விழுக்காடு வந்தது என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். அரசுப் பக்கத்தில் ஆணையில் "காலமுறை ஊதியம்" (படிகளும் ஆண்டு இன்கிரிமென்ட்டும் உள்ள முறையான சம்பளம்) என்று இருக்கிறதா, "தொகுப்பூதியம்" என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால் மேலே சொன்ன அரசுச் சம்பளக் கணக்கு எதுவும் உங்களுக்கு இல்லை.

தேர்வு எழுதிக் காத்திருப்பவர் என்றால் இன்னொரு வரியையும் போடுங்கள். கோச்சிங் சென்டர் கட்டணம், விடுதி வாடகை, அந்த வருடங்களில் வேறு வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம். மூன்று வருடம், மாதம் 15,000 என்றாலும் 5,40,000 ரூபாய். தேர்வில் வென்றவர் அதை மறந்துவிடுவார். முந்நூறு பேருக்கு ஒரு இடம் என்ற தேர்வில் மற்ற 299 பேரின் வீட்டில் அந்தத் தொகை கடனாக நிற்கும்.